நியூஸில் காமிச்சான்

மாடி அறைக் கதவைத் திறந்த வேதா டீச்சர் நேரே மேஜைக்கு ஓடினாள். ஹாம் ரேடியோ மேஜைமேல் பத்திரமாக இருந்தது. அதை ஓட்டும் கார் பேட்டரியைத்தான் காணோம்.

1994, புயலுக்கு மறுநாள். காலை ஏழு மணி. மேற்குத் தாம்பரத்தில் கரண்ட் இல்லை, போன் இல்லை. முடிச்சூரில் வெள்ளம் சூழ்ந்த பள்ளிக்கூட மாடியில் நிறைமாதக்காரி எல்லம்மா மாட்டிக்கொண்டிருந்தாள். "வலி எடுத்தா உடனே கூப்பிடறேன் டீச்சர்" என்று நேற்று மாலை சொல்லியிருந்தார், அங்கே கையடக்க ரேடியோவோடு இருந்த ஜெபராஜ். அது வேதா வீடு வரைதான் எட்டும். படகுக்கு வெள்ள மீட்புக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட வேண்டியவள் வேதா. இந்நேரம் மனிதர் கத்திக்கொண்டிருப்பாரோ என்னவோ.

அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, புயலில் பிய்ந்துவிட்டது. ஆனால் தெருக்கதவு ராத்திரி போட்ட பூட்டோடு அப்படியே இருந்தது. ஆக, எடுத்தது இந்த வீட்டில் குடியிருக்கிற யாரோ. கீழ் போர்ஷன்காரர்கள் இருவரையும் கூப்பிட்டாள்.

"வேற யாரு, சம்பத்தான்" என்றார் தோத்தாத்ரி. வேதா ரேடியோவைத் தொட்டாலே, சிங்கப்பூர்ப் பிள்ளை அனுப்பிய தன் குட்டி டிவியில் கோடு விழுகிறது என்று சண்டைக்கு வருகிற மனிதர். "காயலாங்கடையிலே போட்டிருப்பான்."

ஆட்டோ ஓட்டும் சம்பத்துக்கு முகம் தொங்கிவிட்டது. "இன்னா சாமி இப்டி சொல்றே? என் வண்டியே தண்ணில முழுகிக் கீது."

"உன் வண்டி என்னப்பா, ஊரே முழுகிடுத்து. நேத்து நியூஸ்ல தாம்பரம் ஸ்டேஷனைக் காமிச்சான், தண்டவாளமே தெரியலை."

வேதா சட்டென்று நிமிர்ந்தாள். பேட்டரி வயரை யாரும் அறுக்கவில்லை. நட்டைப் பதமாகக் கழற்றியிருந்தார்கள். மூலையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சோலார் பேனல் போர்வை சுற்றியபடி அப்படியே கிடந்தது. காயலாங்கடைக்குப் போகிறவன் அதையா விடுவான்? வந்தவனுக்கு வேண்டியது கரண்ட் மட்டும்.

"மாமா, நியூஸ்ல 'சொன்னான்'னா டிரான்சிஸ்டர்ல கேட்டீங்கன்னு விட்டிருப்பேன். 'காமிச்சான்'னீங்க. கரண்டே இல்லாத ஊர்ல எதுல காமிச்சான்?"

தோத்தாத்ரி மெல்லப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்.

"உங்க குட்டி டிவி கார் பேட்டரியிலயும் ஓடும், இல்லையா?"

"நியூஸ் முடிஞ்சதும் வெச்சுடலாம்னுதான்மா எடுத்தேன். பாதியிலேயே அணைஞ்சுடுத்து. அப்புறம் கொண்டுவந்து வைக்கப் பயமா இருந்தது."

வேதாவுக்குக் கோபத்தில் காது சுட்டது. திட்ட நேரமில்லை. பேட்டரி வந்தது, காலியாக. ஆனால் வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேனல், பேட்டரி, ரேடியோ எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குத் தூக்கினார்கள். அதன் தாங்கி புயலில் பறந்துவிட்டதால், தோத்தாத்ரியே தாங்கியானார்.

"நேரா புடி சாமி, உன் நெயலு வுழுது" என்றான் சம்பத், பரம திருப்தியாக.

ஒரு மணி நேரம் அவர் அசையவில்லை. மீட்டர் முள் ஏறியது. வேதா சுவிட்சைத் தட்டியதும் ஜெபராஜின் குரல் வந்தது.

"டீச்சர், வலி எடுத்துடுச்சு. விடிஞ்சதுலேந்து கூப்ட்டுகினே கீறேன். ஓவர்."

வேதா கட்டுப்பாட்டு அறையைப் பிடித்தாள். படகு கிளம்பியது. இவர்கள் மூவரும், தோத்தாத்ரி பேனலைப் பிடித்தபடியே, சோறு தண்ணி இல்லாமல் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியம் கரகரவென்று சத்தம் வந்தது. அதற்குள்ளிருந்து வீல் என்று ஓர் அழுகை.

"நானும் கூடவே வந்தேன் டீச்சர், படகுலயே பொறந்துடுச்சு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. ஓவர்."

வேதா அழுதுகொண்டே சிரித்தாள். பேனலுக்கு அந்தப் பக்கம் இருந்து, வியர்த்து வழிந்த தோத்தாத்ரியின் குரல் வந்தது.

"இதை இன்னிக்கு நியூஸ்ல காமிப்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "சொல்லுவானாம்மா?"