செபஸ்தியான் சலூனின் தனிச்சேவை

காற்றுப்பையை நிரப்பி, பல் துலக்கி, தலையைக் கவசத்துக்குள் நுழைத்தால் பதினோரு நொடியில் முடிவெட்டு முடிந்துவிடும். செவ்வாயின் மூன்றாம் குமிழியில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் பொழுது விடிந்தது. அங்கே சலூன் வைத்திருந்த செபஸ்தியானுக்கு மட்டும் விடிவதாகக் காணோம்.

போதாததற்கு ஒரு விதி. கோளில் வேறு எவரும் தராத சேவை ஒன்றைத் தராத கடையை மூடிவிட்டு, உரிமையாளரைத் தொட்டிகளில் பாசி வழிக்க அனுப்பிவிடுவார்கள்.

அவகாசம் கேட்டுத் தனித்தன்மை ஆணையரகத்துக்குப் போனார் செபஸ்தியான். செவ்வாயில் எல்லாமே நொடியில் நடக்கும், கையெழுத்தைத் தவிர. அதைப் பூமியிலிருந்து சேதாரமில்லாமல் கொண்டுவந்திருந்தார்கள். நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, பத்து நாள் அவகாசத்தோடு திரும்பினார்.

“என்ன, சிரிச்சிக்கிட்டே வர்றீங்க?” என்றாள் மனைவி ஜெயசீலி.

“பக்கத்துல ஒருத்தரு உக்காந்திருந்தாரு. அவரு மருமகன் கதைய நீ கேட்டியானா... நேரம் போனதே தெரியல, போ.”

ஜெயசீலி ஒரு கணம் யோசித்தாள். “அப்ப நம்ம கடையிலயும் ஒரு பெஞ்சப் போட்டு, வர்றவங்களக் காக்க வைங்க.”

போட்டார். கூட்டம் நெரிந்தது. ஊர்வம்பு பேசிய சுவாரசியத்தில் சிலர் முடிவெட்ட மறந்தே வீட்டுக்குப் போனார்கள்.

காக்கவைப்பதே தம் தனிச்சேவை என்று செபஸ்தியான் விண்ணப்பித்தார். பத்தாம் நாள் ஆணையரகத்தில் ஆணையர் முனைவர் அறவாழி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆணையை வாசித்தார்: “விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மக்களைக் காக்கவைக்கும் சேவையை இவ்வலுவலகம் குடியேற்றம் தொடங்கிய நாள்முதல், கட்டணமின்றி, தொய்வின்றி வழங்கிவருகிறது.”

“மேல்முறையீடு பண்ணலாமா, சார்?”

“தாராளமாக. பெஞ்சில் அமருங்கள். அழைப்போம்.”

பெஞ்சில் பக்கத்து ஆசாமி மூன்று மாதமாக வீட்டுக்கே போகாமல் காத்திருப்பவர். கவசம் வீட்டிலேயே கிடக்க, முடி கண்ணை மறைத்தது. செபஸ்தியானுக்குக் கை பரபரத்தது. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் குனியுங்க.”

மதியத்துக்குள் தாழ்வாரம் முழுக்க வரிசை. சத்தம் கேட்டு வெளியே வந்த ஆணையர், தம் கிருதாவைத் தடவிப் பார்த்தார். கவசம் ஒருநாளும் இரண்டு பக்கத்தையும் சமமாக வெட்டியதில்லை.

“எனக்கும் இந்தக் காதோரம் கொஞ்சம்... மூணு மணிக்கு மீட்டிங் இருக்குப்பா. மொதல்ல என்னைப் பாத்துரு.”

“பெஞ்சுல உக்காருங்க, சார். கூப்புடுறேன்.”

“யோவ், நான் ஆணையர்!”

“தெரியாமலா, சார்? ஆபீஸ் பெஞ்சுல முடிவெட்டு, இது வேற யாரும் தராத சேவைன்னு நம்ம ஃபைல்ல ஒரு கையெழுத்து விழுந்துச்சுன்னா...”

ஆணையர் வரிசையை எண்ணினார். நாற்பத்தேழு தலைகள். கோப்பை வரவழைத்தார், பேனாவைத் திறந்தார், கையெழுத்திட்டார்.

பதினோரு நொடிதான் ஆயிற்று.