இடது பின்சீட்டு

போனெட்டில் கையை வைத்ததும் வீரணனுக்குத் திருப்தியாக இருந்தது. பச்சைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி குளிர்ந்து கிடந்தது. டீசல் வண்டியை விற்கிறவன் விடியற்காலையிலேயே ஒருமுறை ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டால், குளிர்ந்த இன்ஜினின் இருமலும் புகையும் பார்க்க வருகிறவனுக்குத் தெரியாமல் போகும். அதற்காகத்தான் ராஜபாளையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆறே முக்காலுக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சேதுபதி வீட்டுக் கேட்டைத் தட்டியிருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பின்பக்கத்து இடது கண்ணாடி மட்டும் சரியில்லை. அதில் ஆவி படிந்திருந்தது.

ஐப்பசித் தூறல். எந்தக் கண்ணாடியும் மங்கத்தான் செய்யும். சட்டை நுனியால் ஒரு இழுப்பு இழுத்தார். போகவில்லை. உள்பக்கம். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக, உட்கார்ந்திருக்கிற ஆளின் வாய் வருகிற உயரத்தில்.

"யாரும் உள்ள உக்காந்திருந்தாகளா அண்ணாச்சி?"

சேதுபதி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. "நாப்பது நாளா பின்கதவத் தொறக்கல. பேட்டரி வயரக் கழட்டித்தான் போட்டிருந்தேன். நீங்க வாரீயன்னுதான் நேத்து மாட்டுனேன்."

எங்கேயோ ரப்பர் விட்டுப்போய் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று வீரணன் நினைத்தார். அப்படி இறங்கினால் தரைவிரிப்பு ஊறியிருக்கும், அடியில் தகடு துரு ஏறியிருக்கும். பின்கதவைத் திறந்து விரிப்பைத் தூக்கி விரலை விட்டார். காய்ந்த பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளே ரசகற்பூர உருண்டை வாசனை. அதற்கு அடியில் பச்சையாக, ஈரமாக, அரைத்த இலை வாசனை ஒன்று. எந்த இலை என்று பிடிபடவில்லை.

ஸ்பின்னிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவர். இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கிறது, மீதி கார்டிங் மிஷினுக்குப் போயிற்று. மில்லை விட்ட பிறகு பழைய வண்டி பார்த்துச் சொல்வதே பிழைப்பு. வீரணன் ஓகே என்றால் ஓகே என்று ராஜபாளையத்தில் ஒரு பேர். இன்றைக்கு அந்தப் பேரை நம்பி வாங்கப் போகிறவர் அவருடைய மருமகன் பாண்டிதுரை. போலீஸ்காரர். சின்ன வண்டியில் பெரிய டீசல் இன்ஜினும் டர்போவும் வைத்து, மிதித்தால் முதுகை சீட்டோடு சேர்த்து அறைகிற இந்த மாதிரி வண்டிமேல் அவருக்கு ரொம்ப நாள் பித்து. முன்சீட்டில் வீரணனின் மகள் வெங்கடேஸ்வரி உட்காருவாள். பின்சீட்டில் பேத்தி கனி. நாலு வயசு.

அவர் முதலில் பார்த்தது பின்சீட்டு பெல்ட்டைத்தான். நாலு வருஷமாக எந்த வண்டியிலும் அதைத்தான் முதலில் பார்க்கிறார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இடதுபக்கத்து பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். எண்ணெய் போட்ட மாதிரி வந்தது. விட்டதும் சுருண்டு உள்ளே போயிற்று. நிம்மதி.

பிறகு இன்ஜின். சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை இல்லை, நீலப் புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார், காற்று எதிர்த்துத் தள்ளவில்லை. கிளட்ச்சை விட்டு விட்டு மிதித்தார், கடகடப்பு இல்லை. காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவெல்லாம் ஒட்டிப் பார்த்தார், பிடித்தது, நசுங்கலை மறைக்கப் பட்டி பூசவில்லை. சிவப்பு பெயின்ட் மட்டும் பிறகு அடித்தது. அடியில் வேறு நிறம் இருக்க வேண்டும். கண்ணாடிகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் வருஷம் போட்டிருக்கும், அதையும் குனிந்து படித்தார். எல்லாவற்றிலும் ஒரே வருஷம். முன்கண்ணாடியில் மட்டும் இரண்டு வருஷம் பிந்தி.

"முன்கண்ணாடி மாத்தியிருக்கே?"

"கல்லு கில்லு பட்டிருக்கும். நான் புனலூர்ல வாங்கையிலயே இப்படித்தான். கேரளாக்காரன் கையில இருந்த வண்டி. நான்தான் இங்க நம்பர் மாத்துனேன்."

"அதுக்கு முன்னால?"

"அது யாரு கண்டா?"

லாரிக்குப் பின்னால் ஓடினால் கல் படத்தான் செய்யும். போன் அடித்தது. பாண்டிதுரை.

"மாமா, என்ன சொல்லுது வண்டி? நாங்க பஸ்ஸு ஏறியாச்சு. கனி ராத்திரி பூரா தூங்கல, காரு காருன்னு உசுர வாங்குதா."

"இன்ஜின் சுத்தம் மாப்ள."

"அப்ப ஓகேவா?"

"ஓகே" என்றார் வீரணன். சொல்லிவிட்டுத் திரும்பினார். கண்ணாடியில் அந்த ஆவி வட்டம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

ஓட்டிப் பார்க்க சேதுபதி உடன் வரவில்லை. "முட்டி வலி. நீங்க ஒண்டியா போயிட்டு வாங்க. வத்ராப் ரோட்டுல விடுங்க, டிராபிக் இருக்காது." பேசும்போதெல்லாம் அவர் பார்வை வண்டியின் முன்பாதியிலேயே நின்றது.

ஊரைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. மலையை மேகம் தின்றிருந்தது. மூன்றாவது கியரில் மிதித்தார், டர்போ மெல்ல விசிலடித்து வண்டி முன்னால் பாய்ந்தது. வளைவில் திரும்பும்போதுதான் கேட்டது. டக். பின்னால் இடதுபக்கம். பெல்ட்டின் இரும்பு நாக்கு பிளாஸ்டிக்கில் இடிக்கிற சத்தம். டக். டக். பழைய வண்டியில் கேட்கிற சத்தம்தான். ஆனால் நேர் ரோட்டிலும் கேட்டது. வண்டி ஆடாதபோதும் கேட்டது. பொறுமை இழந்தவர் விரலால் தட்டுவது போல.

ஓரம் கட்டி, பின்கதவைத் திறந்து, நாக்கை அதன் பூட்டில் செருகினார். க்ளிக். ஆள் இல்லாத சீட்டில் பெல்ட் தட்டையாகப் படிந்தது. மறுபடி வண்டியை எடுத்தார். அரை கிலோமீட்டர் சத்தமில்லை. ரோட்டில் ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினார். பக்கத்து முன்சீட்டின் தோளில், உறைத்துணியில், நான்கு பள்ளங்கள் விழுந்தன. பின்னாலிருந்து ஒரு கை இறுக்கிப் பிடித்த மாதிரி. ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகிற வரைக்கும் அந்தப் பள்ளங்கள் அப்படியே இருந்தன. பிறகு மெதுவாக எழும்பின.

டக்.

வீரணன் ரியர்வியூ கண்ணாடியைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி அதைக் கூரைப்பக்கம் திருப்பிவிட்டார். இலை வாசனை இப்போது நன்றாகத் தெரிந்தது. மருதாணி.

அவருக்கு இறங்க வேண்டும் போலிருந்தது. இறங்குவதற்கு ஒரு வேலை வேண்டும். வேலை இருந்தது. மில்லில் போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைப்பார்கள், அடுத்த ஷிப்ட்காரன் பார்த்துத் தெரிந்துகொள்ள. அந்தப் பழக்கம் போகாமல், ஓகே சொன்ன ஒவ்வொரு வண்டியிலும் பேட்டரித் தட்டுக்கு அடியில் மூன்றாவது போல்ட்டில் ஒரு மஞ்சள் புள்ளி வைப்பார். வேறு எவனும் குனிந்து பார்க்காத இடம். இந்த வண்டிக்கு ஓகே சொல்லியாயிற்று. புள்ளி வைக்க வேண்டியதுதான் பாக்கி.

தோப்போரம் நிறுத்தி போனெட்டைத் தூக்கினார். சூடு முகத்தில் அடித்தது. சட்டைப் பையிலிருந்து பெயின்ட் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் குனிந்தார்.

மூன்றாவது போல்ட்டில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது.

பழைய புள்ளி. அழுக்கேறி, ஓரம் உதிர்ந்து. ஆனால் அவர் கை வைத்த புள்ளி. தாய்க்குப் பிள்ளை தெரிகிற மாதிரி தெரிந்தது. கைநகத்தால் பக்கத்தில் பெயின்ட்டைச் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் வெள்ளை.

வெள்ளை வண்டி. நாலு வருஷத்துக்கு முன்னால். இதே தூறல். ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பீர் மைதீனுக்காகப் பார்த்தது. பீர் மைதீனும் அவர் வீட்டம்மா மைமூனும் முன்சீட்டில் உட்கார்ந்து அழகு பார்த்தார்கள். பின்சீட்டில் அவர்கள் மகள் ஃபஸீலா. நர்சிங் படிக்கிற பிள்ளை. முந்தின நாள் யாருக்கோ கல்யாணம், இரண்டு கையிலும் மருதாணி. "மாமா, இந்தப் பெல்ட்டு வெளிய வரமாட்டேங்கு" என்றாள். இடதுபக்கத்து பெல்ட். உள்ளே சுருள் இறுகியிருந்தது. உறையைக் கழற்றிப் பார்த்தால் அரை மணி நேர வேலை. மழை வலுத்துக்கொண்டிருந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பின்னால யாரு தாயி பெல்ட்டு போடுதா? போலீஸ்காரனே போடுறதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இவர் புள்ளி வைத்தார்.

மூன்றாம் மாதம் ஒரு பாலத்தில் வண்டி முன்னால் போன டிராக்டரின் மேல் மோதிற்று. முன்னால் இருந்த இரண்டு பேரும் பெல்ட்டோடு நடந்து வெளியே வந்தார்கள். பிள்ளை இரண்டு சீட்டுக்கும் நடுவே பறந்து முன்கண்ணாடி வழியாகப் போயிருந்தாள். அடக்கத்துக்கு வீரணன் போனார், உள்ளே போகாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டு வந்தார். பீர் மைதீன் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பார்த்தால், "டீ குடிக்கியளா வீரணன்?" என்றுதான் கேட்பார். அது இன்னும் மோசம். வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

போனெட்டை மூடினார். மூடியதும் முன்கண்ணாடி வழியாகப் பின்சீட்டு தெரிந்தது. அவர் பூட்டிவிட்ட பெல்ட் கழன்றிருந்தது. கழன்று, உள்ளே சுருளாமல், கடைசி வரை இழுபட்டு நின்றது. யாரோ பிடித்து இழுத்துக் காட்டுகிற மாதிரி. பாருங்க, இப்ப வருது என்கிற மாதிரி. அதன் விளிம்பு நெடுக ஆரஞ்சு நிறத்தில் விரல் தடங்கள். காலையில் கடைசி வரை இழுத்துப் பார்த்தபோது அவை இல்லை.

ஓடிவிடலாம். பஸ் வரும். ஆனால் பாண்டிதுரை பஸ் ஏறியாயிற்று. கனி பஸ் ஏறியாயிற்று.

ஏறி உட்கார்ந்தார். வண்டியைத் திருப்பினார். இரண்டாவது கியர். மூன்றாவதுக்குப் போகவில்லை. பின்கழுத்து மயிரில் சூடாக ஏதோ பட்டது. விட்டது. பட்டது. விட்டது. வீரணன் தன் மூச்சை நிறுத்திப் பார்த்தார். அது நிற்கவில்லை.

"தாயி" என்றார்.

சேதுபதி வீட்டு வாசலில் மூவரும் நின்றிருந்தார்கள். கனி புது கவுன் போட்டிருந்தாள். வண்டியைக் கண்டதும் குதித்தாள். பாண்டிதுரை சேதுபதியோடு கை குலுக்கிப் பேச்சை முடித்திருந்தார்.

வீரணன் இறங்கினார். "மாப்ள, இந்த வண்டி வேண்டாம்."

"ஏன் மாமா? காலையில ஓகேன்னீய?"

"அடிபட்ட வண்டி."

"வெட்டி ஒட்டியிருக்கா? சேசிஸ் வளைஞ்சிருக்கா?"

வளையவில்லை. எங்கேயும் வளையவில்லை. வீரணன் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. நான் ஓகே சொல்லி ஒரு பிள்ளை செத்த வண்டி. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்கார மருமகன் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷப் பேர் குறுக்கே வந்து நின்றது.

"பின்சீட்டு பெல்ட்டு... சரியில்ல" என்றார்.

பாண்டிதுரை பின்கதவைத் திறந்து இடது பெல்ட்டை இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. விட்டார். உள்ளே போயிற்று. தடம் ஒன்றும் இல்லை. அவர் சிரித்தார்.

"நல்லாத்தானே மாமா வருது? அதுவும் போக, பின்னால யாரு பெல்ட்டு போடுதா? போலீஸ்காரன், நானே போடுறதில்ல."

சேதுபதி சிரித்தார். வெங்கடேஸ்வரி சிரித்தாள். "அப்பாவுக்கு வயசாயிட்டு" என்றாள்.

"மாப்ள, செத்த நில்லுங்க. நான் ஒண்ணு சொல்லணும்..."

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருதோம் மாமா. பொறவு சொல்லுங்க."

கனி ஏற்கெனவே ஏறியிருந்தாள். இடதுபக்கம். வெங்கடேஸ்வரி முன்னால் ஏறித் தன் பெல்ட்டை மாட்டினாள். கதவுகள் மூடின. ஒன்று. இரண்டு. மூன்று. வீரணன் ஓடினார். பின்கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். உள்ளே பூட்டியிருந்தது. பாண்டிதுரை கிளட்ச்சை விட்டார்.

உள்ளே க்ளிக் என்று ஒரு சத்தம். முன்னால் இருந்த இரண்டு பேரும் திரும்பவில்லை.

கண்ணாடியை வெளியே இருந்து இரண்டு கையாலும் தட்டினார். வண்டி நகர்ந்தது. கூடவே ஓடினார். கண்ணாடிக்குள் கனி அவரைப் பார்த்துக் கையாட்டினாள். பெல்ட் போட்டிருந்தாள். தோளிலிருந்து குறுக்காக, சரியாக, யாரும் போட்டுவிடாமல். ஆனால் அது பிள்ளையின் மார்பில் படியாமல் ஒரு சாண் தள்ளி, பெரிய உடம்பு ஒன்றையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. கனியின் கால்கள் தொங்கின. அவள் சீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருந்தாள். மடியில் உட்காருகிற மாதிரி. பின்னால் சாய்ந்து, சுகமாக.

டர்போ விசிலடித்தது. வீரணன் தெருமுனையில் நின்றுவிட்டார். திரும்புகிற வண்டியின் இடது கண்ணாடி கடைசியாக ஒருமுறை தெரிந்தது. அதில் ஆவி படிந்திருந்தது. கீழே சின்னதாக ஒரு வட்டம். அதற்கு மேலே பெரிதாக ஒன்று.