வேட்பாளர் அலுவலகத்தில் ஒரு தோட்டா

தேர்தலுக்கு முந்தைய நாள் திங்கட்கிழமை காலை, கார்லண்ட் ட்வெய்ட் தன் வண்டியை ஆர்டிஸ் குவாம் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் சிறிது நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஆர்டிஸ் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். குளிர்கால நேரம் தொடங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வருடாவருடம் நடப்பதுபோல ஞாயிறு விடியற்காலை ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்திருந்தாலும் அவள் உடம்பு பழைய நேரத்துக்கே எழுந்துவிட்டிருந்தது. இரண்டாவது முறை போட்ட காபி கொதித்துக்கொண்டிருந்தது.

மாநிலக் குற்றப் புலனாய்வில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். மேஜையின் எதிர்ப்புறம் பக்கத்து வீட்டு லைல் ஃபென்னர்ன் உட்கார்ந்திருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். காலை நடை முடிந்தால் மாலை நடைவரை அவனுக்கு வேலை கிடையாது. அந்த இடைவெளியில் ஊரில் நடக்கும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வெறி உண்டு.

"கர்ட்டிஸ்தான் சுட்டான்னு ஊரே சொல்லுது," என்றான் லைல், கார்லண்ட் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள். "நீ என்னப்பா சொல்றே?"

"அவன் இல்லேன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றான் கார்லண்ட்.

எல்க் ரன் கவுண்டி என்ற அந்த மாவட்டத்தின் காவல் தலைவரான ஷெரிப் பதவிக்குப் போட்டியிடும் இருவரில் ஒருவன் அவன். பதினோரு வருடம் துணை ஷெரிப்பாக இருந்தவன். இந்தத் தேர்தல் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடியது: இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே போவதற்கான பெர்மிட். அதில் கையெழுத்துப் போடுகிறவர் ஷெரிப். இப்போதைய ஷெரிப் மெர்ல் ஹாக்டால், மறுபடியும் ஜெயித்தால் விண்ணப்பம் போடும் எல்லோருக்கும் கையெழுத்துப் போடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கார்லண்டோ, தகுதியுள்ளவனுக்கு அந்த வாரமே தருவேன், அடுத்தவனைத் துப்பாக்கி காட்டி மிரட்டியவனுக்குத் தரமாட்டேன், அவன் என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி, என்று சொல்லிவந்தான்.

வியாழக்கிழமை நடந்த பொதுவிவாதத்தில் கர்ட்டிஸ் ராடமேக்கர் எழுந்து நின்று, தனக்குத் தருவானா என்று நேராகக் கேட்டிருந்தான். வேலித் தகராறில் பக்கத்துப் பண்ணைக்காரன் மீது துப்பாக்கியை நீட்டியதற்காக இரண்டு வருடத்துக்கு முன்பு பெர்மிட் மறுக்கப்பட்டவன். இன்றைக்குத் தரமாட்டேன் என்று கார்லண்ட் பதில் சொன்னான். பாதி அரங்கம் கூச்சல் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை மெயின் தெருவில் இருந்த கார்லண்டின் தேர்தல் அலுவலகத்து ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு தோட்டா உள்ளே பாய்ந்து, எதிர்ச் சுவரின் உச்சியில் மாட்டியிருந்த கடிகாரத்தைத் துளைத்தது. முட்கள் நாலு பத்தில் நின்றுபோயின. அலுவலகத்துக்கு அன்று விடுமுறை. மொத்த ஊரும் லூத்தரன் சர்ச்சின் மீன் விருந்தில் இருந்தது. மான் வேட்டைக் காலத்தின் முதல் வார இறுதி வேறு. எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் யாரும் தலையைத் திருப்புவதில்லை. நாலே முக்காலுக்குத் தட்டிகள் எடுக்கப் போன கார்லண்ட்தான் முதலில் பார்த்தான். பெட்ரோல் பங்க் கேமராவில், நாலு பத்துக்கு அந்தத் தெரு வழியாகப் போன ஒரே வண்டி கர்ட்டிஸுடையது. அன்றிரவே மெர்ல் அவனைக் கைது செய்துவிட்டார்.

"கர்ட்டிஸ் கோபக்காரன்," என்றான் கார்லண்ட். "ஆனா அவன் சண்டைன்னா மூஞ்சிக்கு நேரா வருவான். ஆளில்லாத ஜன்னலைச் சுடமாட்டான். இன்னொண்ணும் இருக்கு ஆர்டிஸ். நேத்திலேர்ந்து எனக்கு ஓட்டுப் போடறேன்னு போன் மேல போன். இந்தத் தோட்டா எனக்கு நல்லது பண்ணிட்டிருக்கு. அதான் எனக்குச் சரியாப் படல."

ஆர்டிஸ் அவனுக்குக் காபி ஊற்றினாள். பார்த்தவுடன் யாரிடம் சொன்னான், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். முதலில் ஷெரிப் ஆபீசுக்குச் சொன்னதாகவும், பிறகு தன் மனைவியின் தம்பி டென்னி லோஃப்தஸுக்குப் போன் போட்டதாகவும் கார்லண்ட் சொன்னான். பிரசாரத்தை நடத்துவது டென்னிதான்.

"பாவம், ஆடிப்போயிட்டான். 'நான் மூணு மணிலேர்ந்து சர்ச்ச விட்டு நகரவே இல்லையே, எனக்கு ஒண்ணுமே தெரியாதே'ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்."

ஆர்டிஸ் தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மெயின் தெருவுக்குப் போகும் வழியில் நீதிமன்றக் கட்டடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. ஷெரிப் ஆபீசும் லாக்கப்பும் அதற்குள்தான். வெளியே கர்ட்டிஸை விடச் சொல்லி முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். வேட்டைக்கான ஆரஞ்சு நிறச் சட்டை, இடுப்பில் துப்பாக்கி. யாரும் கத்தவில்லை. அந்த அமைதி லைலுக்குப் பிடிக்கவில்லை. கர்ட்டிஸை மூன்று மணிக்குப் பக்கத்துக் கவுண்டிச் சிறைக்கு மாற்றப் போகிறார்களாம், அப்போது இவர்கள் வண்டியைக் குறுக்கே விட்டு மறிக்கப் போகிறார்களாம் என்று அவன் பேருந்தில் கேட்டதைச் சொன்னான்.

அலுவலகம் ஒரு காலத்தில் தீவனக் கடை. கூரை உயரமானது. லைல் துடைப்பத்தை நீட்டிப் பார்த்தான். கடிகாரத்துக்கு அவன் கையளவு கீழே நின்றது.

"இதுக்கு ஏணி எங்கே?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

வெள்ளிக்கிழமையே சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டதாகக் கார்லண்ட் சொன்னான். விருந்துக்குத் துணித்தட்டி கட்டுவதற்காக வாங்கிப் போனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பூட்டிய அலுவலகத்தை ஞாயிறு நாலே முக்கால் வரை யாரும் திறக்கவும் இல்லை.

ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜை. அதில் துண்டுப் பிரசுரக் கட்டுகள், அவற்றின் மேல் கண்ணாடிச் சில்லுகள். ஆர்டிஸ் ஒரு கட்டைத் தூக்கினாள். தண்ணீரில் ஊறி, ரொட்டி போல உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒழுகின அடையாளம் எதுவும் இல்லை.

"லைல், நேத்து மழை எப்போ பெஞ்சுது?"

"மூணரைக்கு ஆரம்பிச்சு நாலு மணிக்கு நின்னுடுச்சு. நான் சர்ச் வாசல்ல மேஜை ஏத்திட்டிருந்தேன், நனைஞ்சு நாசமாப் போனேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு இல்ல." சொல்லிவிட்டு அவன் மேஜையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், வாயைத் திறந்தான். ஆர்டிஸ் அவனைப் பேசவேண்டாம் என்பதுபோல் பார்த்தாள். கார்லண்ட் அப்போதுதான் கீழே கிடந்த தன் படத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

சர்ச் சமையலறையில், விருந்து வேலைகளைப் பார்த்துக்கொண்ட பெர்னிஸ் ஆசென் பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கர்ட்டிஸ் எங்கே இருந்தான் என்று கேட்டதற்கு அவள் கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள். நண்பகலிலிருந்து நாலு மணி வரைக்கும் மீன் கொதிக்கும் அண்டாவை விட்டு அவன் அசையவில்லை, இருநூறு பேர் அவன் கையால் வாங்கித் தின்றார்கள். டென்னியைப் பற்றிக் கேட்டபோது பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"மழையோடதான் வந்தான். தோளெல்லாம் ஈரம். 'என்னப்பா, மீன் வாசனை இப்பத்தான் எட்டிச்சா'ன்னு கேலி பண்ணேன். சிரிக்கக்கூட இல்ல."

இரண்டு மணிக்கு ஷெரிப்பின் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மெர்ல் மேஜைக்குப் பின்னால், கார்லண்டும் டென்னியும் நாற்காலிகளில், லைல் கதவருகே. ஆர்டிஸ் நின்றுகொண்டிருந்தாள். லாக்கப் அந்த அறையை ஒட்டியே இருந்ததால் கர்ட்டிஸுக்கும் எல்லாம் கேட்கும். வெளியே கூட்டம் நூறைத் தாண்டியிருந்தது.

"சீக்கிரம் சொல்லும்மா," என்றார் மெர்ல். "எனக்கு ஓட்டுப் போடறவங்கதான் வெளியில நிக்கறாங்க. எனக்கே வாசலுக்குப் போகப் பயமா இருக்கு."

"ஒரே ஒரு கேள்வி மெர்ல். உங்க வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நேத்து யார் மாத்தி வெச்சா?"

"நான்தான். முக்காலி போட்டு ஏறி…" அவர் பாதியில் நிறுத்தினார்.

"கார்லண்ட் ஆபீஸ் கடிகாரத்தை யாரும் மாத்தல. ஏணி சர்ச்சுல. கதவு பூட்டிக் கிடந்துச்சு. அது பழைய நேரத்துலதான் ஓடிட்டிருந்துச்சு. அதுல நாலு பத்துன்னா, நமக்கு மூணு பத்து. இது என் ஊகம்னு நினைக்காதீங்க. ஜன்னலடியில இருக்கற காகிதமெல்லாம் மழையில ஊறிக் கிடக்கு. மழை நாலு மணிக்கே நின்னுபோச்சு. நாலு பத்துக்குக் கண்ணாடி உடைஞ்சிருந்தா அதெல்லாம் காஞ்சுதான் இருந்திருக்கும். மழை வர்றதுக்கு முன்னாடியே கண்ணாடி போயிடுச்சு. அந்த நேரம் கர்ட்டிஸ் இருநூறு பேருக்கு மீன் பரிமாறிட்டிருந்தான்."

லாக்கப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து நிற்கும் சத்தம்.

ஆர்டிஸ் டென்னியின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை.

"கார்லண்ட் போன் பண்ணப்போ எப்போ சுட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. மெர்ல் அப்போ கடிகாரத்தையே பாக்கல. ஆனா நீ மட்டும் மூணு மணிலேர்ந்து சர்ச்ச விட்டு நகரலேன்னு சொல்லியிருக்கே. ஏன் மூணு மணி, டென்னி? நீ வந்ததே மழையோட, மூணரைக்குன்னு பெர்னிஸ் சொல்றா."

டென்னி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கார்லண்டையே பார்த்தான். கார்லண்டும் அவனைப் பார்த்தான். வெளியே ஏதோ வண்டியின் ஹாரன் நீளமாக ஒலித்து ஓய்ந்தது.

"உள்ள யாரும் இல்லேன்னு எனக்குத் தெரியும்," என்றான் டென்னி கடைசியில். "லீவு போர்டு எழுதி மாட்டினதே நான்தான். வியாழக்கிழமையோட நீ தோத்துட்டே மாமா. உன் பேச்சுல தப்பே இல்ல, ஆனா ஒருத்தனும் காது குடுக்கல. ஒரு தோட்டா வந்தா கேப்பாங்கன்னு நினைச்சேன். கர்ட்டிஸைப் பிடிப்பாங்கன்னு நினைக்கல."

"பிடிச்சாங்களே. அப்புறமும் வாயைத் திறக்கலையே நீ," என்றான் கார்லண்ட்.



மெர்ல் தாடையைத் தேய்த்துக்கொண்டார். கர்ட்டிஸை இப்போதே விட்டுவிடுவதாகவும், டென்னியின் பெயரை நாளை மறுநாள் வரை வெளியில் சொல்லாமல் இருக்கத் தன்னால் முடியும் என்றும் சொன்னார். தேர்தல் முடியட்டும், ஒரு வீட்டுக்குள் நடந்த முட்டாள்தனத்துக்காக ஒருவனைத் தோற்கடிக்கத் தனக்கு இஷ்டமில்லை என்றார். லைல் வாசல்வரை எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டம் படியேற ஆரம்பித்துவிட்டது என்றான்.

கார்லண்ட் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். கர்ட்டிஸைத் திறந்து விடச் சொல்லி, அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நீதிமன்றப் படியில் போய் நின்றான். ஆரஞ்சுச் சட்டைகள் அசையாமல் நின்றன. சில கைகள் இடுப்பருகே இருந்தன.

"இந்த ஆளு சுடல," என்றான் கார்லண்ட். "சுட்டது என் வீட்டு ஆளு. என் பொண்டாட்டியோட தம்பி. எனக்காகத்தான் பண்ணியிருக்கான். கர்ட்டிஸ் கிட்டே உங்க எல்லாரு முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன். ஆனா ஒண்ணு, பெர்மிட் விஷயத்துல நான் சொன்னதை மாத்திக்கல. நாளைக்கு ஜெயிச்சாலும் டென்னிக்கும் குடுக்கமாட்டேன், கர்ட்டிஸுக்கும் இப்போதைக்குக் குடுக்கமாட்டேன். இப்போ எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

முன்வரிசையில் நின்ற ஒரு கிழவர் முதலில் திரும்பினார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வண்டிகளை நோக்கி நடந்தார்கள். லைல் மாலை நடைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் கார்லண்ட் முப்பத்தோரு ஓட்டில் தோற்றான். எண்ணிக்கை முடிந்ததும் டவுன் ஹால் வாசலில் ஆர்டிஸும் அவனும் நின்றிருந்தபோது கர்ட்டிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவர்களுக்கு ஓரடி முன்னால் வந்து நின்றான்.

"உனக்கு நான் ஓட்டுப் போடல," என்றான்.

"தெரியும்," என்றான் கார்லண்ட்.

"படியில நின்னு அத்தனை பேர் முன்னாடி எனக்குத் தரமாட்டேன்னு சொன்னே பாரு, அதுக்காகத்தான் போடல." கர்ட்டிஸ் வலது கையுறையைக் கழற்றினான். "இப்போ கை குடுக்க வந்திருக்கறதும் அதுக்காகத்தான்."

கார்லண்ட் கையை நீட்டினான்.