பக்கத்து மனை

“பக்கத்து மனை கிடைக்கும்னு உனக்கு யாரு சொன்னா?”

“கிடைச்சா கிடைக்குது. நீங்க கொஞ்சம் நகருங்க...”

“முழுசா கேளு, யூரிம் அம்மா. நடுவுலேர்ந்து சுத்திச் சுத்தி வெளிப்பக்கமாத்தான் மனை ஒதுக்குவாங்க. இன்னிக்குச் சேர்றவங்களுக்குக் கடைசி வட்டம். நம்ம பொண்ணு எங்க, நீ எங்க?”

“யாராவது விட்டுட்டுப் போனா, அந்தக் காலி மனை புதுசா வர்றவங்களுக்குத்தானே? நானும் படிச்சேன், யூரிம் அப்பா.”

“இது கம்ப்யூட்டர் விளையாட்டும்மா. கல்லறை இல்ல.”

“கல்லறை வேண்டாம்னு சாம்பலைத்தான் கரைச்சிட்டீங்களே. நான் வேற எங்க போய் நிக்கிறது?”

சாங்தே நகர்ந்து, மனைவியின் பின்னால் நின்று திரையைப் பார்த்தான்.

கொரியாவின் பூச்சோன் நகரில் அன்று காலையிலிருந்தே மழை. பதினோராவது மாடிக் கூடத்தில் பகலிலேயே இருட்டு கட்டியிருந்தது. மாலை ஆறு மணியோடு, யூரிம் கடைசியாக அந்த விளையாட்டை மூடி ஓராண்டு. ‘போதும், டியூஷனுக்குக் கிளம்பு’ என்று அதட்டியவள் அம்மா ஹேஜின்தான். தெருவைக் கடக்கும்போது லாரி மோதியது.

ஓராண்டு ஆள் வராத மனையை இடித்துத் தரையாக்கிவிடுவார்கள். யூரிமின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு வழிதான் மிச்சம். பக்கத்து மனைக்காரர் கேட்டு, யூரிமும் சம்மதித்தால், நடுவிலுள்ள பாதை மறைந்து இரண்டும் ஒன்றாகும். இருவரில் ஒருவர் வந்துபோனாலே போதும், மனை நிலைக்கும்.

யூரிம் சம்மதித்தால்.

ஹேஜின் பெயர் கொடுத்தாள். வரைபடம் சுழன்று நின்றது.

கடைசி வட்டத்தில் அல்ல.

“யூரிம் அப்பா. பாருங்க.”

பாதைக்கு அந்தப்பக்கம் சிவப்புக் கூரை வீடு. வாசலில் மகளின் பெயர்ப்பலகை.

“யாரோ காலி பண்ணியிருக்காங்க. தற்செயல்,” என்றான் சாங்தே. சொன்ன குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

ஹேஜின் இணைப்புக் கோரிக்கையை அனுப்பினாள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

‘பக்கத்து உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்கவும்.’

“யார்கிட்டம்மா கேக்குற?” என்று மெல்லச் சொல்லி அவள் தோளில் கை வைத்தான். “மூடிடு. இடிக்கிறத நீ பாக்க வேண்டாம்.”

“ஷ்ஷ்.”

மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம்.

டக். டக்டக்.

யூரிமின் மூடிய அறைக்குள் யாரோ விசைப்பலகையைத் தட்டுகிறார்கள்.

அவளுடைய கணினியைப் போன மாதமே அவன் தன் கையால் தூக்கி, அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அந்த அறையில் மேசைகூட இல்லை.

டக்.

கதவிடுக்கில் ஷாம்பு வாசனை கசிந்தது. இப்போதுதான் குளித்துவந்த தலையின் ஈர வாசனை.

‘சம்மதம் கிடைத்தது.’

பாதை மறைந்தது. இருபக்கத்துப் புல்லும் ஒன்றாய்க் கலந்தது.

ஹேஜின் அழவில்லை. திரையைத் தடவிக்கொண்டே, “அம்மா மேல கோவம் இல்லல்லடி? இல்லல்ல?” என்று முணுமுணுத்தாள்.

ஆறு மணி தாண்டியது. வீடு இடியவில்லை.

சிவப்புக் கூரைக்கு மறுபுறம் அடர்ந்த மரங்களோடு இன்னொருவர் மனை இருந்தது. அந்த மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தரை வெறுமையானது. சுற்றிலும் வேலி எழுந்தது. கடைசியாக ஒரு பெயர்ப்பலகை முளைத்தது.

‘அப்பா.’

சாங்தே எழுந்துபோய் அந்த மூடிய கதவில் நெற்றியைச் சாய்த்தான். கதவு பனிக்கட்டிபோல் சில்லிட்டது.

“யூரிமா,” என்றான், “அப்பாவ எப்போ வரச் சொல்ற?”