ஒரு மணி அளவீடு

வானில் மேகத்துணுக்குகூட இல்லாத பகல் ஒரு மணிக்கு, நான்காவது சூரியமின் செல் நாற்பது நொடிகள், இருளில் வைத்ததுபோல் மின்சாரமே தராமல், முற்றாக அணைந்து மீண்டது.

காரிமங்கலத்தை அடுத்த கல்லூரியின் மொட்டைமாடியில், சூடேறிய சிமெண்டின் வாடையும் நெடுஞ்சாலை லாரிகளின் ஓயாத இரைச்சலும் சூழ, பன்னிரண்டு செல்களைப் பதினெட்டு மாதங்களாக வெயிலில் வைத்துச் சோதித்துவந்த ஷாஜியா முதலில் பதறவில்லை. குறை செல்லிலா, அது இருக்கும் இடத்திலா? அறிவதற்காக, நான்காவதையும் ஒன்பதாவதையும் தானே கழற்றி இடம் மாற்றினாள்.

மறுநாள் ஒரு மணிக்கு இரண்டும் அணைந்தன.

இரண்டுக்கும் பொதுவானது அவளுடைய கை ஒன்றே. நான்காவது முதலில் அணைந்த அன்று அதன் கம்பியை மாற்றியவளும் அவள்தான். மற்றவற்றைத் துடைப்பவர் உதவியாளர் சென்னப்பன். மூன்றாம் நாள், ஏழாவது செல்லை விரல்நுனியால் மட்டும் தொட்டாள்.

ஏழாவது அணைந்தது.

காரணம் தெரியாத இருள் இன்னொரு முறை பதிவானால் ஆய்வு முழுவதும் நிராகரிக்கப்படும் என்று அவளை வழிநடத்தும் பேராசிரியர் எழுதிவிட்டார். ஆகவே நான்காம் நாள் அவள் எதையும் தொடவில்லை. செல்களைத் துடைத்தது, கணினியை இயக்கியது, நாற்காலியைப் போட்டது எல்லாம் சென்னப்பனே.

"என்னாங்க மேடம், என்னைய வேலை வாங்கிட்டு மகாராணியாட்டம் ஒக்காந்துட்டீங்க?"

"நான் தொடாம இருந்தா வருதான்னு பாக்கணும், சென்னப்பண்ணா."

"எதுங்க வருதான்னு?"

அவள் மடியில் கைகளை இறுகக் கோத்துக்கொண்டாள்.

ஒரு மணி.

கணினித் திரையில், செல்களின் மின்சாரத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளும் அசையாமல் ஓடின. பத்து நொடி. இருபது. அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

விரல்கள் குளிர்ந்தன.

குனிந்தாள். உச்சி வெயிலில், சிமெண்ட் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தில், கோத்த கைகள் மட்டும் கிணற்றின் அடியில் கிடப்பவைபோல் கறுத்திருந்தன. அவள் தொட்டுக்கொண்டிருந்தது அவற்றை மட்டுமே.

பிரிக்க முயன்றாள். விரல்கள் பிரியவில்லை.

முப்பது. நாற்பது.

மீளவில்லை.

மணிக்கட்டு. முழங்கை. தோள்.

"மேடம்?" இரண்டடி தள்ளி நின்ற சென்னப்பன் நாற்காலியை நோக்கிக் கண்களை இடுக்கினார். "இப்பத்தான இங்க இருந்தீங்க? எங்க போனீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். அங்கும் குளிர்ந்தது.

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். பன்னிரண்டு கோடுகளும் ஒரு பிழையும் இன்றி நேராக ஓடிக்கொண்டிருந்தன.