விரல் நுனியில் மரணம்

"ஐயோ...!"

தம்பி மனைவியின் அலறல் கேட்டுப் பெரியவர் எழுந்தார். ஓடவில்லை. மூன்று தலைமுறையாக மருந்து தயாரிக்கும் குடும்பத்தின் மூத்தவர் ஓடக்கூடாது!

தொழிற்சாலை ஓய்வறைக் கட்டிலில் தம்பி குப்புறக் கிடந்தான். மூச்சில்லை. வெற்று முதுகில் ஜெல் பளபளத்தது.

"மாரடைப்பா இருக்கும்மா..."

அவள் நிமிர்ந்தாள். ஆய்வகத் தலைமை அவள்தான்.

"முதுகுல தடவினது யாரு அத்தான்? அவர் கைக்கு எட்டாதே."

"எனக்கென்ன தெரியும்?"

தெரியும்!

அவர்கள் செய்த வலி ஜெல்லில் மருந்தின் அளவு மீறிப்போய், மூன்று நோயாளிகள் தூக்கத்திலேயே மூச்சு நின்று செத்திருந்தார்கள். அதிகாரிகளிடம் சொல்லியே தீருவேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். சொன்னால்? டியூபில் அச்சடித்த தாத்தாவின் பெயர் சந்தி சிரிக்கும்!

'முதுகு வலிக்குதா? படுடா, அண்ணன் தடவி விடறேன்' என்று சற்று முன்புதான் அவனைப் படுக்க வைத்திருந்தார்.

அதே ஜெல். நாலு டியூப்!

அவள் குப்பைத் தொட்டியிலிருந்து எதையோ பேனாவால் தூக்கினாள். ரப்பர் கையுறை.

"ஒத்தைக் கையுறையா...! இந்த ஜெல் ரப்பரையே ஊடுருவுமே! நாங்க ரெட்டையா போடுவோம். தடவினவன் விரல் இந்நேரம் மரத்திருக்கும். அடுத்தது மூச்சு..."

பெரியவர் விரல்களை உரசிப் பார்த்தார்.

மரத்திருந்தன!

"இதுக்கு முறிவு ஊசி... இருக்கா?"

"லேப்ல இருக்கு. யாருக்கு அத்தான்?"

"போடும்மா! சீக்கிரம்!"

"நீங்கதான்னு சொல்லுங்க. அந்த மூணு பேர் செத்ததையும் சேர்த்து." செல்போனை நீட்டினாள். பதிவாகத் தொடங்கியிருந்தது.

மானமா... உயிரா...?

நாலே நொடி யோசித்தார். கொட்டிவிட்டார், ஒன்று விடாமல்!

"இப்பவாவது போடு..."

"எதுக்கு?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொன்னது பொய். ஜெல் அந்த ரப்பரைத் தாண்டாது. பழக்கமில்லாதவன் கழட்டினா விரல் நுனியில கொஞ்சம் படும். அதான் மரமரப்பு. வலி தெரியாம இருக்க நம்ம எல்லா ஜெல்லுலயும் மரத்துப்போற மருந்து சேர்ப்போம். லேப் பக்கம் ஒருநாளாவது எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பெரியவர் விரல்களை மறுபடி உரசிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க அத்தான். உங்க உயிர் கெட்டியா இருக்கு. போன மானத்துக்குத்தான்... நம்ம கம்பெனியில ஊசி தயாரிக்கிறதில்ல!"