இரண்டு அங்குல வாசல்

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்கும் மஃரிபுத் தொழுகைக்கும் இடையில் சாய்ந்தமருது வீட்டின் பின்வளவில் இருந்தவர்கள் ஐந்து பேர். கச்சிமுகம்மது மரைக்கார். அவருடைய மனைவி சல்மா உம்மா. ஐந்து மாதக் கர்ப்பிணியான மகள் நிப்லா. நிப்லாவை மணந்து அந்த வீட்டுக்கே குடிவந்த மருமகன் இன்பாஸ். காரைதீவிலிருந்து வந்திருந்த மேசன் புண்ணியமூர்த்தி. வேறு யாரும் இல்லை. மதிலுக்கு மேலால் எவரும் எட்டிப் பார்க்கவுமில்லை. அந்தக் குடும்பத்தின் வளவுக்குள் எட்டிப் பார்க்கும் துணிவு அந்தத் தெருவில் யாருக்கும் இருந்ததில்லை.

மரைக்கார் நின்ற இடத்திலிருந்து கிணற்றை மூடியிருந்த கொங்கிறீட் பிளேட் முழுவதாகத் தெரிந்தது. இருபது வருடமாக மூடிக் கிடக்கும் கிணறு. பிளேட்டின் நடுவில், உள்ளே காற்று அடைபடாமல் இருப்பதற்காக விடப்பட்ட இரண்டு அங்குலத் துளை ஒன்று உண்டு. அதற்கு அவரே ஒரு மரக்கட்டையைச் செதுக்கி இறுக்கி வைத்திருந்தார். அந்தக் கட்டை இப்போது பக்கத்தில் கிடந்தது. துளையைச் சுற்றி வட்டமாகச் சிறு கற்கள், மட்டி ஓடுகள், தரையோட்டுத் துண்டுகள், ஒரு நீல நிறச் சவர்க்காரப் பெட்டியின் பாதி. யாரோ பொறுமையாக, ஒன்றோடு ஒன்று இடைவெளியில்லாமல் அடுக்கியிருந்தார்கள். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வந்து அவற்றையெல்லாம் அவர்தான் கூட்டி அள்ளிக்கொண்டுபோய் மதிலுக்கு அப்பால் கொட்டியிருந்தார்; பின்னேரத்துக்குள் மறுபடி வந்திருந்தன. இன்றைக்கு மட்டுமல்ல, எட்டு நாளாக. முதல் நாள் மூன்று கற்கள்தான் இருந்தன. காகத்தின் வேலை என்று நினைத்தார். பிறகு அப்படி நினைக்கவில்லை. நாள் முழுக்க வெயிலில் காய்ந்த பிளேட்டின் மேல் அந்தக் கற்கள் மட்டும் எப்போதும் நனைந்திருந்தன. கிட்டப் போனால் வலை உலர்த்தும் இடத்து உப்பு வாசம் வந்தது, அதற்குக் கீழே, மெல்லியதாக, சந்தனச் சவர்க்கார வாசம்.

எட்டு நாளைக்கு முன்புதான் இன்பாஸ் அந்தக் கதையை எடுத்தான். பிள்ளை பிறப்பதற்கு முன் பின்பக்கம் ஓர் அறை இறக்க வேண்டும், கிணற்றின் மேல்தான் இடம் இருக்கிறது, மூடியை உடைத்து இறைத்து மண் போட்டு நிரப்பாமல் அத்திவாரம் வைக்க ஏலாது என்றான். மரைக்கார் மறுத்துப் பேசவில்லை. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் தகப்பனுக்குச் சொல் இல்லை. எத்தனையோ கலியாணங்களில், தாய்வழிக் குடியின் தலைவரான மரைக்கார் என்ற முறையில், அந்த நியாயத்தைச் சபை நடுவில் எடுத்துச் சொன்னவர் அவர். இப்போது அவரும் சல்மா உம்மாவும் பக்கத்து வளவில் ஒரு சிறிய வீட்டில் இருந்தார்கள். இன்று காலையில் அங்கே அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய சொப்பிங் பேக்கை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அதில் என்ன என்று சல்மா உம்மா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். அது ஏன் தன்னிடம் இருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

அடுக்கியிருந்த கற்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வந்தது. அது ஊருக்குள் வந்த புதிது. தெருவில் முதலாவது பெட்டி அவர்கள் வீட்டில்தான் இருந்தது, கார் பற்றரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. வாரத்தில் ஒரு பின்னேரம் கடல் படம் போடுவார்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆசிரியரான வாப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே போவார். ஆண்கள் முன்னால், பெண்கள் திரைச்சீலைக்குப் பின்னால். பதின்மூன்று வயதுக் கச்சிமுகம்மதுவின் மடியில் ஏழு வயதுத் தங்கை ஸுஹைறா. ஊர்க் கடலோடிகள் தங்கள் வலையில் ஏறினால் திட்டிக்கொண்டு திரும்ப எறிகிற எட்டுக் கைப் பேய்க்கணவாய், அந்தப் பெட்டிக்குள் வேறு ஏதோ ஒன்றாக இருந்தது. அதைப் போத்தலுக்குள் விட்டு, மூடியில் சின்ன ஓட்டை போட்டு அடைத்தார்கள். முதலில் ஒரு கையின் நுனி வந்தது. தடவிப் பார்த்தது. பிறகு அடுத்த கை. பிறகு பெரிய தலை, பிழிந்த துணி மாதிரி ஒடுங்கி, வெளியே வந்து மறுபடி விரிந்தது. அதற்கு எலும்பு இல்லை, வாயிலிருக்கும் சொண்டு நுழைந்தால் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும் என்றார் வாப்பா. அடுத்த நாள் ஸுஹைறா யன்னல் கம்பிகளுக்கு இடையால் கையைத் தோள் வரை விட்டு ஆட்டித் தமையனுக்குக் காட்டினாள்.

"காக்கா, எனக்கும் எலும்பில்ல. பாருங்க."

இன்னொரு கிழமை தாய்க் கணவாயைக் காட்டினார்கள். பாறை இடுக்குக்குள் முட்டைகளைத் தொங்கவிட்டு, வாசலில் கல்லும் ஓடும் பொறுக்கி அடுக்கித் தன்னை மறைத்துக்கொண்டு அது உள்ளே இருந்தது. தின்னவில்லை. வெளியே வரவில்லை. நாள் போகப் போக வெளுத்தது. ஏன் வரவில்லை என்று ஸுஹைறா கேட்டாள். மானமுள்ள சீவன், இருக்கச் சொன்ன இடத்தில் இருக்கும் என்றார் வாப்பா. அது எப்போது வெளியே வரும் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. மஃரிபு பாங்கு சொல்லப் போகிறது என்று வாப்பா எழும்பிப் பெட்டியை மூடிவிட்டார்.

புண்ணியமூர்த்தி பிளேட்டின் ஓரத்தில் குந்தி, கையால் தடவிப் பார்த்தார். தலை நரைத்துவிட்டது, கை அப்படியே இருந்தது.

"இருவது வருசம். ஒரு வெடிப்பில்ல," என்றான் இன்பாஸ். "நம்மட புதுப் பாத்றூம் ஆறு மாசத்தில வெடிச்சிட்டு."

"அது வேற மேசன், தம்பி. இது நான் போட்ட பிளேட்." அவர் மரைக்காரை நிமிர்ந்து பார்த்தார். "அண்டைக்கு ஒருக்கா இறைச்சுப் பாத்திட்டு மூடுவம் எண்டு சொன்னன். மரைக்கார்தான் வேணாமெண்ட."

"உப்புத் தண்ணி," என்றார் மரைக்கார். "இறைச்சு என்னத்துக்கு."

புண்ணியமூர்த்தி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அவருடைய முகத்தில் எதுவும் மாறவில்லை.

"உள்ளுக்குத் தண்ணி அலம்புது. அண்டைக்கும் இப்பிடித்தான் அலம்பின."

நிப்லா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, சவர்க்கார வாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். சல்மா உம்மா எல்லோரையும் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். குடித்துவிட்டு வந்து உடைப்போம், இரும்பு அலவாங்கு முன்னால் ஓட்டோவில் கிடக்கிறது என்று மேசன் எழும்பினார். நால்வரும் வீட்டுக்குள் போனார்கள். மரைக்கார் தனக்கு வேண்டாம் என்றார்.

கதவு சாத்திய சத்தம். அடுப்படியில் கோப்பைகள். தூரத்தில் கடல், இருபது வருடமாகச் செய்கிற அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. கடல் ஊருக்குள் ஏறிய அந்தக் காலையில் கிணற்றடியைச் சுற்றித் தகர மறைப்பு இருந்தது. சல்மா உம்மா கைப்பிள்ளையான நிப்லாவோடு இறக்காமத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். அவரும் ஸுஹைறாவும் மட்டும்தான் வீட்டில். தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மறைப்புக்குள்ளிருந்து ஸுஹைறா, என்ன சத்தம், குளிக்கிற குறுக்குக்கட்டோடு நிற்கிறேன், வரவா என்று கேட்டாள். தெரு முழுக்க ஆண்கள். அவர் சொன்ன சொல் இன்றைக்கும் அவருடைய வாயில் அப்படியே இருந்தது.

"வெளிய வராத. நான் பறுதாவை எடுத்துவாறன்."

எடுத்துக்கொண்டு திரும்பினார். மறைப்பு இருக்கவில்லை. வளவு இருக்கவில்லை. கறுத்த தண்ணீர் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தில் எறிந்தது. பறுதா கையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் கிணறுகளை இறைக்க வெளியூர்ப் பொடியன்கள் இயந்திரத்தோடு வந்தார்கள். அவர்களுக்கு முன் அவர் எட்டிப் பார்த்தார். பலகைகள், கிடுகு, ஒரு கதவு. கதவின் கீழே பூப்போட்ட குளிப்புச் சீலையின் ஓரம். அது ஒரு தரம் அசைந்தது. தண்ணீர் அசைந்திருக்கும். அவர் அப்படித்தான் முடிவெடுத்தார். அந்தச் சீலையோடு, அந்தக் கோலத்தில், முன்பின் தெரியாத ஆம்பிளைகள் கயிறு போட்டு அவளைத் தூக்குவதை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். இந்தக் கிணறு வேண்டாம், பழுது என்று அவர்களை அனுப்பினார். அடுத்த நாள் புண்ணியமூர்த்தி வந்து பிளேட்டைப் போட்டார். ஸுஹைறா முஸல்லாப் பாயில் முற்பகல் லுஹாத் தொழுகையில் இருந்தாள் என்று மரைக்கார் ஊருக்குச் சொன்னார். ஊர் அழுதது. குடியின் பெயர் ஒரு படி உயர்ந்தது.

அதற்குப் பிறகு அவர் எதையும் பெரிதாக உணர்ந்ததில்லை. வாப்பா மௌத்தாகி அடக்கியபோதும், மகளின் கலியாணத்திலும். உடம்பில் ஓரிடம் மரத்துப்போனால் அதைச் சுற்றிலும் நடந்து பழகிவிடலாம்.

ஒரு கல் நகர்ந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே. மட்டி ஓடு ஒன்று, மெதுவாக, விலகி வழி விட்டது.

துளையிலிருந்து வெள்ளையாக ஒன்று வந்தது. நுனி மட்டும். பிளேட்டைத் தடவியது. இடமாக. வலமாக. இன்னும் கொஞ்சம் வந்தது. வெயில் கண்டிராத வெள்ளை, அவித்த கணவாயின் வெள்ளை. நுனி ஐந்தாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் நகம் இருந்தது.

எலும்பு இல்லை.

வளைய வேண்டிய இடங்களில் அது வளையவில்லை. வளையக்கூடாத இடங்களில் எல்லாம் வளைந்தது. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பியது. விரிந்தது. வாங்குவதற்கு நீட்டியபடி அப்படியே நின்றது.

கேட்டது.

அவருக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. உள்ளே கோப்பைகள் வைக்கப்படும் சத்தம். இன்பாஸ் சிரித்தான். இன்னும் சற்று நேரத்தில் அலவாங்கோடு வருவார்கள். இரண்டு ஆண்கள். உடைப்பார்கள். வெளிச்சம் விழும்.

சொப்பிங் பேக்கை அவிழ்த்தார். உப்புக் காய்ந்து விறைத்த கறுப்புத் துணி. இருபது வருடம் தோய்க்கவில்லை. பிளேட்டில் முழங்காலில் இருந்து, அதன் ஓரத்தை அந்த உள்ளங்கையில் வைத்தார்.

விரல்கள் மூடின.

துணி இறங்கியது. அவசரமில்லை. ஒரு முழம். நின்றது. இன்னொரு முழம். உள்ளே தண்ணீர் அலம்பியது. முழுப் பறுதாவும் இரண்டு அங்குலத் துளையால் போனது. துணியின் கடைசி ஓரமும் போனது. கற்கள் ஈரமாக மின்னின.

முடிந்தது என்று நினைத்தார்.

கை மறுபடி வந்தது. வெறுமையாக. அவருடைய மணிக்கட்டைத் தொட்டது. தண்ணென்று இருந்தது. பிடித்தது. இறுக்கமில்லை. தெருவைக் கடக்கும்போது தங்கை பிடிப்பதுபோல.

அவருடைய விரல்கள் உள்ளே போயின. உள்ளங்கை போனது.

உள்ளங்கை போகாது. அவருக்கு அது தெரியும். இரண்டு அங்குலம்.

போனது.

ஏதோ முறியும் சத்தம் கேட்டது. பலகையாக இருக்கும். முழங்கை. பிறகு அதற்கு மேலே. வலிக்கவில்லை. எதிலும் அவருக்கு வலித்ததில்லை.

கதவு திறந்தது. இன்பாஸ் அலவாங்கோடு முன்னால் வந்தான், பின்னால் மேசன், அவருக்குப் பின்னால் தட்டில் ஒரு கோப்பையோடு சல்மா உம்மா, வாசலில் நிப்லா. மரைக்கார் பிளேட்டின் மேல் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்திருந்தார். அவருடைய வலது கை தோள் வரை அந்தத் துளைக்குள் இருந்தது. துளை பெரிதாகவில்லை. ஓரத்தில் ஒரு கீறலும் இல்லை. தோளைச் சுற்றிக் கற்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தன.

இன்பாஸ், மாமா என்று கூப்பிட்டான். மேசன் அலவாங்கை அவனிடமிருந்து மெதுவாக வாங்கி நிலத்தில் வைத்தார். சல்மா உம்மாவின் கையில் கோப்பை சாயாமல் நேராகவே இருந்தது. பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

மரைக்கார் கண்ணை மட்டும் அவர்கள் பக்கம் திருப்பினார்.

"கொத்தாதீங்க, மனே. ஆம்புளைகள் உள்ளுக்குப் போங்க. அவ இன்னும் உடுத்து முடிக்கல்ல."

ஸுஹைறா லுஹா தொழுதுகொண்டிருந்தபோது கடல் அவளைக் கொண்டுபோனது என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பிழை. அவள் தொழுதுகொண்டிருக்கவில்லை, குளித்துக்கொண்டிருந்தாள். கடல் அவளைக் கொண்டுபோகவுமில்லை.